சன்ஃப்ளவர் கவுண்டியின் பருத்திப் பணம்

டெல்டா என்றால் நமக்குத் தஞ்சாவூர்தான். அமெரிக்காவிலும் ஒரு டெல்டா உண்டு. மிஸிஸிப்பி மாநிலத்தில், மிஸிஸிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற வண்டல் சமவெளி. ஆறு கடலில் சேரும் இடம் இல்லை அது, கடல் அங்கிருந்து ரொம்ப தூரம். ஆனாலும் பெயர் டெல்டாதான். கரிசல் மாதிரி கறுத்த மண், தட்டையான நிலம், கண்ணுக்கெட்டிய வரை பருத்தி. அந்த டெல்டாவின் நடுவில் சன்ஃப்ளவர் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பதை நம்ம ஊர் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த ஒரு கவுண்டியை வைத்துக்கொண்டு, அமெரிக்க அரசு விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியப் பணத்தின் கதையைச் சொல்லப் பார்க்கிறேன். ஏன் இந்த ஊர்? இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட். டாட்ஸ்வில் என்ற சின்ன ஊர் பக்கத்தில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் குடும்பப் பருத்திப் பண்ணை. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் அமெரிக்க செனட்டர். இன்னொருவர் ஃபேனி லூ ஹேமர். அங்கிருந்து சில மைல் தள்ளி ரூல்வில்லில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்துப் பெண்மணி. பெற்றோருக்கு இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். ஒரே மண், ஒரே பயிர், ஒரே அரசாங்கம். அந்த அரசாங்கத்தின் பணம் இவர்களில் யார் கைக்குப் போனது, ஏன் போனது என்பதுதான் கேள்வி.

'பணக்காரனுக்குத்தான் போயிருக்கும், இதுல என்ன ஆராய்ச்சி?' என்று கேட்பீர்கள். போனது உண்மை. ஆனால் யாரோ திருடிக்கொண்டு போனதால் மட்டும் அப்படி ஆகவில்லை. சட்டப்படி, படிவப்படி, கையெழுத்துப்படி போயிற்று. அந்தப் படிவம் எப்படி எழுதப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1933: விளைந்ததை உழுது போடு

1929இல் ஒரு பவுண்டு பருத்தி 16 சென்டுக்கு மேல் விற்றது. 1931இல் 6 சென்டுக்கும் கீழே வந்துவிட்டது. விலை விழுந்தால் விவசாயி என்ன செய்வார்? கடனைக் கட்ட இன்னும் அதிகமாக விதைப்பார். எல்லாரும் அதையே செய்வார்கள், விலை இன்னும் விழும். ரூஸ்வெல்ட் ஆட்சிக்கு வந்ததும் இந்தச் சுழலை உடைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பயிரிடாமல் இருப்பதற்கு அரசே பணம் கொடுக்கும். இதற்கான விவசாயச் சீரமைப்புச் சட்டம் 1933 மே 12 அன்று கையெழுத்தானது. அதை நடத்திய அமைப்பை ஆங்கில எழுத்துகளில் ஏஏஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். விவசாயத்துறை அமைச்சர் ஹென்றி வாலஸ்.

மே மாதத்தில் பருத்தி ஏற்கெனவே முளைத்து நின்றது. அதனால் முதல் வருடம் நின்ற பயிரை அழிக்கச் சொன்னார்கள். அந்தக் கோடையில் தென் மாநிலங்களில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது மண்ணில் புதைக்கப்பட்டது. ஏர் இழுத்த கோவேறு கழுதைகள் பயிர் வரிசையை மிதிக்க மறுத்தன என்று ஒரு கதை அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சொல்வார்கள். வரிசைக்கு நடுவில் நடக்கத்தான் அவற்றைப் பழக்கியிருந்தார்கள். மிதித்தால் அடி விழும் என்று தெரிந்த விலங்கு, மிதிக்கச் சொன்னால் என்ன செய்யும்?

விலை ஏறியது. அந்த வருடமே 10 சென்ட் பக்கம் வந்தது. திட்டம் அதன் நோக்கத்தில் ஜெயித்தது, அதில் சந்தேகம் இல்லை. அடுத்த கேள்வி, காசோலை யார் பெயரில் வந்தது? நிலச்சொந்தக்காரர் பெயரில். வாரக்குடிக்கு உரிய பங்கை அவர் பிரித்துக் கொடுக்க வேண்டும். பண்ணைக் கடையில் மாவும் பன்றிக்கொழுப்பும் கடனுக்கு வாங்கித் தின்ற குடும்பத்துக்கு, அந்தக் கடைக்காரரே பண்ணைக்காரராகவும் இருக்கும்போது, பங்கு எப்படிப் பிரியும் என்று நம்ம ஊர் ஆளுக்கு விளக்கத் தேவையில்லை. 'பழைய பாக்கிக்குச் சரியாப் போச்சு' என்ற ஒரு வரி போதும்.

நாலு சென்டும் அரை சென்டும்

1934, 1935 வருடங்களுக்கு முறையான ஒப்பந்தம் வந்தது. நான் இதைப் படித்தபோது ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

பயிரிடாமல் விட்ட நிலத்தில் வழக்கமாக எவ்வளவு விளைந்திருக்குமோ, அதற்கு பவுண்டுக்கு மூன்றரை சென்ட் 'வாடகை'. அதாவது அரசு அந்த நிலத்தை வாடகைக்கு எடுத்துச் சும்மா போடுவதாகக் கணக்கு. இது போக, பண்ணையின் வழக்கமான விளைச்சலில் 40 சதவீதத்துக்கு பவுண்டுக்கு ஒரு சென்ட் 'சமன்தொகை'. சொந்த ஏர், சொந்தக் கழுதை வைத்துத் தானே பார்த்துக்கொள்கிற குத்தகைக்காரருக்கு வாடகையிலும் பங்கு உண்டு. ஆனால் உழைப்பை மட்டும் கொடுத்துப் பாதி விளைச்சல் வாங்கும் வாரக்குடிக்கு வாடகையில் பங்கே கிடையாது. நிலத்துக்குத்தானே வாடகை, நிலம் அவருடையது இல்லையே! சமன்தொகையில் பாதி, அதாவது அரை சென்ட், அவருக்கு. மீதி நாலு சென்டும் நிலச்சொந்தக்காரருக்கு.

ஒரு உதாரணக் கணக்கு. இருபது ஏக்கர் பார்க்கும் ஒரு வாரக்குடி. ஏக்கருக்கு 200 பவுண்டு. விலை 6 சென்ட். மொத்தம் 4,000 பவுண்டு, பாதிப் பாதி. ஆளுக்கு 120 டாலர். (கடை பாக்கியைக் கழிக்காமல்.)

இப்போது 40 சதவீதம், அதாவது எட்டு ஏக்கர், தரிசு. மீதி பன்னிரண்டு ஏக்கரில் 2,400 பவுண்டு. விலை 10 சென்டாக ஏறிவிட்டது. ஆளுக்கு மறுபடியும் 120 டாலர். வாரக்குடிக்கு விலை ஏற்றத்தில் வந்தது நிலக் குறைப்பில் போய்விட்டது. இனி அரசுப் பணம். எட்டு ஏக்கர் வாடகை 1,600 பவுண்டுக்கு 56 டாலர். சமன்தொகை 16 டாலர், அதில் ஆளுக்கு எட்டு. ஆக வாரக்குடி 120இலிருந்து 128க்கு வந்தார். சொந்தக்காரர் 120இலிருந்து 184க்குப் போனார்.

இது யாரும் ஏமாற்றாத கணக்கு. எல்லாரும் நேர்மையாக இருந்தால் வரும் கணக்கு.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. பன்னிரண்டு ஏக்கருக்கு ஒரு முழுக் குடும்பம் எதற்கு? இரண்டு குடும்பத்து வேலையை ஒரு குடும்பம் பார்த்துவிடும். வாரமே வேண்டாம், தினக்கூலிக்கு ஆள் வைத்தால் சமன்தொகையில் அந்தப் பாதியையும் கொடுக்க வேண்டாம். அரசே கொடுக்கும் வாடகைப் பணத்தில் ஒரு டிராக்டர் வாங்கினால் கூலியும் குறையும். நிலத்தைக் குறைக்கச் சொன்ன சட்டம், ஆளைக் குறைக்க ஊக்கத்தொகையும் சேர்த்தே கொடுத்தது.

ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஏழாவது பிரிவில் பழைய எண்ணிக்கையில் குடிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் கூடவே 'முடிந்த வரையில்' என்றும் எழுதினார்கள். ஒப்பந்தத்தில் 'முடிந்த வரையில்' என்று ஒரு வார்த்தை வந்தால் அது என்ன ஆகும் என்று சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் ஒப்பந்தம் பார்த்த யாருக்கும் தெரியும்.

யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

வாரக்குடிக்கு அநியாயம் நடந்தால் கவுண்டி கமிட்டியிடம் புகார் கொடுக்கலாம். கமிட்டியில் யார்? உள்ளூர் நிலச்சொந்தக்காரர்கள். அடித்தட்டு ஜனநாயகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இந்த அமைப்பை உருவாக்கினார்கள். வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்து நிலம் அளக்க வேண்டாம், ஊர்க்காரர்களே அளந்துகொள்ளட்டும். நல்ல யோசனைதான். ஊர்க்காரர் என்றால் யார் என்று கேட்காத வரைக்கும்.

வாஷிங்டனிலும் நிலைமை வேறு இல்லை. ஏஏஏவின் நிதி இயக்குநராக இருந்தவர் ஆஸ்கர் ஜான்ஸ்டன். இவர் டெல்டா அண்ட் பைன் லேண்ட் கம்பெனியின் தலைவர். சன்ஃப்ளவருக்கு அடுத்த பொலிவர் கவுண்டியில் உள்ள பிரம்மாண்டமான பருத்திப் பண்ணை அது. அதற்குச் சொந்தக்காரர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நூற்பாலை முதலாளிகள். 1936இல் செனட்டர் ஆர்தர் வாண்டன்பெர்க், பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கியவர்கள் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்டார். கடைசியில் விவரம் வெளிவந்தபோது, இந்த வெள்ளைக்காரக் கம்பெனி ஒரே வருடத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்கியது தெரிந்தது. அமெரிக்க ஏழை விவசாயியைக் காப்பாற்றப் போட்ட வரி, லங்காஷயர் பங்குதாரருக்கும் போயிருக்கிறது!

எதிர்ப்பே இல்லையா என்றால், இருந்தது. 1934 ஜூலையில் ஆர்கன்ஸா மாநிலத்தில் டைரன்ஸா என்ற ஊரில் பதினெட்டுப் பேர் கூடினார்கள். பதினொரு வெள்ளையர், ஏழு கறுப்பர். அந்தக் காலத் தெற்கில் இரண்டு நிறமும் ஒரே சங்கத்தில் உட்காருவது கற்பனைக்கு எட்டாத காரியம். தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம் என்று பெயர். முன்னின்று நடத்திய ஹெச். எல். மிட்செல் ஒரு சலவைக் கடைக்காரர், கிளே ஈஸ்ட் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர். பக்கத்துப் பண்ணையில் குடிகளை வெளியேற்றியதுதான் உடனடிக் காரணம். கூட்டங்கள் அடித்துக் கலைக்கப்பட்டன, ஆட்கள் ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தது.

ஏஏஏவின் சட்டப் பிரிவில் ஜெரோம் ஃப்ராங்க் தலைமையில் சில இளம் வக்கீல்கள் இருந்தார்கள். 'முடிந்த வரையில்' என்பதற்கு, அதே குடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள் சொல்லி ஒரு உத்தரவு தயாரித்தார்கள். ஏஏஏவின் தலைவர் செஸ்டர் டேவிஸ், 1935 பிப்ரவரியில் ஃப்ராங்க் உள்ளிட்ட பலரை வேலையிலிருந்து நீக்கினார். வாலஸ் அதற்குச் சம்மதித்தார். காரணம் ரொம்ப எளிமை. காங்கிரஸில் விவசாயக் குழுக்கள் தென் மாநில உறுப்பினர்கள் கையில் இருந்தன. அவர்களைப் பகைத்துக்கொண்டால் மொத்தத் திட்டமும் போய்விடும் என்ற பயம். வாரக்குடிக்கோ, அதுவும் கறுப்பு வாரக்குடிக்கோ, ஓட்டே கிடையாது. ஓட்டில்லாதவனைப் பகைத்தால் என்ன நஷ்டம்?

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் வரியைச் செல்லாது என்றது. உடனே மண்வளப் பாதுகாப்பு என்ற புதுப் பெயரில் பணம் தொடர்ந்தது. 1938இல் மறுபடியும் சட்டம் போட்டார்கள். குடிகளின் பங்கு காகிதத்தில் கொஞ்சம் உயர்ந்தது. ஆனால் பங்கு உயர உயர, குடியை வைத்திருப்பது பண்ணைக்காரருக்கு நஷ்டமாகிக்கொண்டே போனது. 1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேல் பக்கம் ஹாப்ஸன் பண்ணையில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் பருத்தி எடுக்கும் இயந்திரம் ஊர் பார்க்க ஓடியது. அதன்பின் இருபது வருடத்தில் வாரமுறை கிட்டத்தட்ட முடிந்து போயிற்று. இயந்திரம்தான் மக்களை விரட்டியது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. இயந்திரம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே படிவம் அந்த வேலையை ஆரம்பித்துவிட்டது.

ஈஸ்ட்லேண்ட், ஹேமர்

இனி நம்ம கவுண்டிக்கு வருவோம். 1960களின் ஆரம்பத்தில் சன்ஃப்ளவரில் மூன்றில் இரண்டு பேர் கறுப்பர். ஓட்டு வயது வந்த கறுப்பரில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 1954இல் நிறவெறிக்கு ஆதரவாகக் கிளம்பிய வெள்ளைக் குடிமக்கள் கவுன்சில் முதலில் தோன்றியதே இந்தக் கவுண்டியின் தலைநகர் இண்டியனோலாவில்தான்.

ஹேமர் ரூல்வில் பக்கத்துப் பண்ணையில் பதினெட்டு வருடம் கணக்குப் பார்ப்பவராகவும் இருந்தார். யார் எவ்வளவு பருத்தி எடுத்தார்கள் என்று எடை போட்டு எழுதும் வேலை. பண்ணைத் தராசு பண்ணைக்குச் சாதகமாக நிற்கும். முதலாளி கண்ணில் படாத நேரத்தில் இவர் தன் எடைக்கல்லைப் போட்டு நியாயமான எடை எழுதுவார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. எனக்கு அவருடைய பேச்சுகளை விட இந்த எடைக்கல்தான் மனசில் நிற்கிறது. தகவல் எங்கே பதிவாகிறதோ அங்கேதான் அநியாயம் ஆரம்பிக்கிறது என்று தெரிந்து, அங்கேயே திருத்தியிருக்கிறார்.

1962 ஆகஸ்ட் 31 அன்று பதினேழு பேருடன் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலாவுக்குப் போய் ஓட்டுரிமைக்கு விண்ணப்பித்தார். திரும்பும் வழியில் பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று போலீஸ் ஓட்டுநருக்கு அபராதம் போட்டது. வீட்டுக்கு வந்தால், விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் கிளம்பு என்றார் பண்ணைக்காரர். அன்று இரவே கிளம்பினார். பதினெட்டு வருட வேலை, வீடு, எல்லாம் ஒரே மாலையில் போயிற்று. அந்த நிலத்தின் மேல் அவருக்கு ஒரு காகிதமும் இல்லை.

அதே குளிர்காலத்தில் பக்கத்து லெஃப்ளோர் கவுண்டியில் நடந்தது இன்னும் மோசம். அரசு வாங்கிக் குவித்த உபரி மாவு, அரிசி, பால்பவுடரை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டம் இருந்தது. கறுப்பர்கள் ஓட்டு கேட்க ஆரம்பித்ததும், கவுண்டி நிர்வாகம் அந்த விநியோகத்தை நிறுத்தியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதே கிட்டங்கி உபரியிலிருந்துதான், அதே வருடங்களில், கேர் அமைப்பு வழியாக நம்ம ஊர்ப் பள்ளி மதிய உணவுக்கு மக்காச்சோள மாவும் பால்பவுடரும் வந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அந்த மஞ்சள் உப்புமாவைப் பற்றிச் சொல்வார்கள். மதுரைப் பிள்ளைக்கு வந்து சேர்ந்த மாவு, மிஸிஸிப்பிப் பிள்ளைக்குப் பக்கத்துத் தெருக் கிட்டங்கியிலிருந்து வரவில்லை.

1965இல் புது விவசாயச் சட்டம் வந்தது. பருத்தியின் ஆதரவு விலையைக் குறைத்து, அதற்குப் பதில் விவசாயிக்கு நேரடிப் பணம், நிலத்தைத் தரிசாக விட்டால் இன்னும் பணம். பெரிய பண்ணைகளுக்குக் காசோலைகள் பெருத்தன. 1960களின் பிற்பாதியில் ஈஸ்ட்லேண்ட் பண்ணை வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்கியது. அவர் செனட்டின் விவசாயக் குழுவில் உறுப்பினர், நீதித்துறைக் குழுவுக்கோ தலைவர். அதே காலத்தில் மிஸிஸிப்பியில் ஆதரவற்ற குழந்தைக்கான அரசு உதவி மாதம் பத்து டாலருக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்போதே பத்திரிகைகள் எழுதின.

1967 பிப்ரவரியில் பண்ணைக் கூலிகளுக்கும் மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி அமலுக்கு வந்தது. அதுவரை நாளுக்கு மூன்று டாலர் வாங்கியவர்கள். நல்ல சட்டம்தானே? ஆனால் ஒரு பக்கம் தரிசுக்குப் பணம், இன்னொரு பக்கம் கூலி உயர்வு, நடுவில் களைக்கொல்லியும் இயந்திரமும். இருந்த வேலையும் போயிற்று. இலவச உணவுக்குப் பதில் உணவுக் கூப்பன் வந்திருந்தது, அதை வாங்கத் தலைக்கு மாதம் இரண்டு டாலராவது ரொக்கம் வேண்டும். ரொக்கமே பார்க்காத குடும்பம் எங்கே போகும்? அந்த ஏப்ரலில் செனட்டர் ராபர்ட் கென்னடி டெல்டாவுக்கு வந்து, பசியில் வயிறு உப்பிய குழந்தைகளைப் பார்த்துப் பேச்சற்றுப் போனார்.

இத்தனைக்கும் கவுண்டி கமிட்டிகள் அப்படியே இருந்தன. 1965இல் அமெரிக்க சிவில் உரிமை ஆணையம் விவசாயத் திட்டங்களைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. தென் மாநிலங்களின் கவுண்டி கமிட்டிகளில் ஒரு கறுப்பர்கூட உறுப்பினராக இல்லை. எத்தனை ஏக்கர் பருத்தி போடலாம், யார் நிலத்தை எப்படி அளப்பது என்பதெல்லாம் அந்தக் கமிட்டி முடிவு. இளைஞர்கள் ஓட்டுரிமை இயக்கத்தோடு சேர்த்துக் கமிட்டித் தேர்தலிலும் கறுப்பு விவசாயிகளை நிறுத்தினார்கள். மிரட்டல், குழப்பமான வாக்குச்சீட்டு என்று எல்லாம் நடந்தது. ஓட்டுரிமைப் போராட்டம் என்றால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு மட்டும்தான் நமக்கு நினைவு வரும். இந்தச் சின்னக் கமிட்டி ஓட்டில்தான் சோறு இருந்தது.

வரம்பும் கிறிஸ்துமஸ் மரமும்

1970 சட்டம் முதல் முறையாக வரம்பு போட்டது. ஒரு நபருக்கு, ஒரு பயிருக்கு 55,000 டாலருக்கு மேல் கிடையாது. 1973இல் அதை மொத்தமாக 20,000 டாலராகக் குறைத்தார்கள். இல்லினாய் மாநிலத்து பால் ஃபிண்ட்லி போன்ற உறுப்பினர்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கியது.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நம்ம ஊரில் நாய்க்குட்டி பெயரில்கூட நிலம் எழுதினார்கள் என்று கிண்டலாகச் சொல்வோமே, அதேதான் அங்கேயும். சட்டம் 'ஒரு நபர்' என்றது. நபர் என்றால் யார்? மகன் ஒரு நபர், மருமகன் ஒரு நபர், டிரஸ்ட் ஒரு நபர், கம்பெனி ஒரு நபர். கம்பெனிக்குள் கம்பெனி, அதற்குள் இன்னொரு கம்பெனி. உச்சியில் ஒரே ஆள், கீழே கிளை கிளையாக நபர்கள், ஒவ்வொரு கிளையிலும் ஒரு பரிசுப் பொட்டலம். இதற்கு அதிகாரிகளே 'மிஸிஸிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர் வைத்தார்கள். 1987இல் ஒருவர் மூன்று அமைப்புகள் மூலம்தான் வாங்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். எந்தப் பெயரில் போனாலும் கடைசியில் எந்த மனிதருக்குச் சேருகிறது என்று பார்க்கும் முறை 2008 சட்டத்தில்தான் வந்தது. என் தொழில் பாஷையில் சொன்னால், டேபிளில் சரியான கீயைப் போட 38 வருடம் ஆகியிருக்கிறது.

யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று பொதுமக்கள் பார்ப்பதற்கும் வழக்குப் போட வேண்டியிருந்தது. பருத்தி மானியம் பெற்றவர்கள் பெயரை வெளியிட வேண்டும் என்று வாஷிங்டன் போஸ்ட் தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு 2001இல் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு இந்தக் கோடிக்கணக்கான வரிகளை எல்லாரும் தேடும்படி இணையத்தில் போட்டது. கவுண்டி பெயரைத் தட்டினால் பட்டியல் வரும். சன்ஃப்ளவரைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். மேலே இருப்பதெல்லாம் பார்ட்னர்ஷிப், ஃபார்ம்ஸ், பிளாண்டிங் கம்பெனி என்று முடியும் பெயர்கள். பட்டியலில் இல்லாதவர்களைத் தேடும் வசதி எந்த டேட்டாபேஸிலும் கிடையாது. 1920இல் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பு விவசாயிகள் இருந்தார்கள். 1990களின் இறுதியில் இருபதாயிரத்துக்கும் குறைவு. 1999இல் பிக்ஃபோர்ட் வழக்குச் சமரசத்தில், விவசாயத்துறை கடன் கொடுப்பதில் பாகுபாடு காட்டியதற்காக ஆயிரக்கணக்கானவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. அதற்குள் பெரும்பாலானவர்களின் நிலம் கைமாறிவிட்டது.

ஃப்ரீடம் ஃபார்ம்

ஹேமர் என்ன செய்தார்? 1969இல் நாற்பது ஏக்கர் வாங்கி ஃப்ரீடம் ஃபார்ம் என்ற கூட்டுறவை ஆரம்பித்தார். காய்கறி, பயறு, கொஞ்சம் பருத்தி. கூடவே ஒரு பன்றி வங்கி: ஒரு குடும்பத்துக்குப் பெண் பன்றி ஒன்று கொடுப்பார்கள், அது ஈன்ற குட்டிகளில் சிலவற்றை அடுத்த குடும்பத்துக்குத் தர வேண்டும். பின்னால் நிலம் அறுநூறு ஏக்கரைத் தாண்டியது. கல்லூரி மாணவர்கள், நன்கொடையாளர்கள் அனுப்பிய பணத்தில்தான் ஓடியது. கடன், வெள்ளம், வறட்சி, அவருடைய உடல்நிலை எல்லாம் சேர்ந்து 1970களின் நடுவில் நிலம் கையைவிட்டுப் போயிற்று. 1977 மார்ச்சில் ஹேமர் இறந்தார். அதற்கடுத்த வருடம் ஈஸ்ட்லேண்ட் செனட்டிலிருந்து விலகி, டாட்ஸ்வில் பண்ணைக்குத் திரும்பினார்.

ஃப்ரீடம் ஃபார்ம் தோற்றது என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும். பக்கத்துப் பண்ணைக்கும் அதே வெள்ளம், அதே வறட்சி. அந்தப் பண்ணைக்கு நாற்பது வருடமாகக் காசோலை வந்துகொண்டிருந்தது. ஒரு மோசமான வருடத்தைத் தாங்குவதற்குப் பெயர் திறமை என்று சொல்லிவிட்டால், அந்தக் காசோலை கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

நமக்கு என்ன?

மானியமே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 1933இல் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பண்ணைக்காரரும் வாரக்குடியும் சேர்ந்தே மூழ்கியிருப்பார்கள். கேள்வி, பணத்தை எதோடு கட்டுகிறோம் என்பது. நிலத்தோடு கட்டினால் நிலம் வைத்திருப்பவருக்குப் போகும். உழைப்போடு கட்டினால் உழைப்பவருக்குப் போகும். கருணையோ கொடுமையோ அதற்குப் பிறகு வருகிறது.

2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய். நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு. 2018இல் தெலங்கானாவின் ரைத்து பந்து, ஏக்கர் கணக்கில், பட்டாதாரருக்கு. குத்தகைக்காரருக்கு இரண்டிலும் இடம் வைக்கவில்லை. கிட்டத்தட்ட அதே சமயத்தில் வந்த ஒடிசாவின் காலியா திட்டம், வாரத்துக்குப் பயிரிடுபவரையும் நிலமில்லாத விவசாயக் கூலியையும் சேர்த்தது. ஆக, சேர்க்க முடியும். கடினம்தான், பட்டா மாதிரி ஒரு காகிதம் அவர்களிடம் இருக்காது. நம்ம தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் இருக்கிறது. ஆனால் வாய்வார்த்தைக் குத்தகைதான் இன்றும் ஊர் வழக்கம். பதிவு செய்யக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயம்.

அடுத்த முறை 'விவசாயிகளுக்கு இத்தனை கோடி' என்று செய்தி வந்தால், எத்தனை கோடி என்பதை விட்டுவிட்டு விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் படியுங்கள். அதில் என்ன ஆவணம் கேட்கிறார்கள், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது யார் என்று பாருங்கள். பணம் எங்கே போகும் என்பது அந்த இரண்டு கட்டத்தில் எழுதியிருக்கும்.